வீட்டின் சத்தம்

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கும் மிக்கேலைப் பற்றிய குறும்படத்திற்குப் பேட்டி முடிந்துவிட்டது. "இனி இந்த வீட்டோட சத்தம் மட்டும் வேணும் அண்ணாச்சி. கொஞ்ச நேரம் யாரும் பேசாதீங்க," என்று படம் எடுக்கும் சரண்யா மைக்கை உயர்த்துகிறாள். மிக்கேல் கண்ணை மூடி, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துத் தம் கட்டிக்கொள்கிறார். அணைத்த மின்விசிறி மெல்லச் சுற்றி ஓய்கிறது. மாதா படத்துக்குக் கீழே இருக்கும் சங்கின் மேல் சன்னல் வெயில் தண்ணீரைப்போல அசைகிறது. தெருவில் ஒரு மீன்வண்டியின் ஹாரன் தேய்ந்து மறைகிறது. "போதும்," என்று சரண்யா மைக்கை இறக்குகிறாள். அவர் கண் திறக்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. வாசலில் சிரித்துக்கொண்டு நின்ற மனைவி பிலோமியின் சிரிப்பு நின்றுபோகிறது. அருகே வந்து, படகில் இருப்பவர்கள் கயிற்றை அசைத்து, கடலுக்குள் முங்கியவரைக் கூப்பிடுவதுபோல, அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுக்கிறாள். "முடிஞ்சிட்டு. மேல வாங்க."