மாடிப்படியில் கரையான்

டத்தோ கிராமாட்டில் பிரமிளா வாங்கவிருந்த பழைய வீட்டில் கரையான் இருக்கிறதா என்று பார்க்க கிஷன் வந்திருந்தான். மாடியின் மரப்படியில் ஸ்க்ரூடிரைவரை லேசாக அழுத்தினான். அது பிடிவரை இறங்கியது. அடுத்த படியும் அப்படித்தான்.

"உள்ள மரமே இல்லக்கா. பெயிண்ட்தான் நிக்குது. பூனை ஏறுனாகூட உடஞ்சிரும்."

"வீட்டுக்கார ஆன்ட்டி இப்பத்தானே தம்பி சாவி எடுக்க மேல போனாங்க?"

கிஷன் நிமிர்ந்தான். "ஆன்ட்டி, எறங்காதீங்க. அங்கயே நில்லுங்க."

சோஃபியா ஆன்ட்டி அதற்குள் இறங்கத் தொடங்கியிருந்தார். நல்ல பருமன். ஒரு படிகூட முனகவில்லை. அவன் குத்திய படியில் வந்து நின்று சாவியை நீட்டினார்.

"தெனமும் ஏறி எறங்குறேன்லா. வாங்க, மேல ரூம பாருங்க."

பிரமிளா செருப்பைக் கழற்றினாள். ஆன்ட்டி திரும்பினார். ஓட்டையிலிருந்து வந்த கரையான்கள் அவருடைய குதிகால் வெடிப்புக்குள் வரிசையாக நுழைந்துகொண்டிருந்தன.