பள்ளத்தின் பக்கம்

வேனையே வீடாக்கி மனைவியோடு ஊர் சுற்றுகிற தேவசகாயம், மேட்டைப் பார்த்து நின்ற வண்டிக்குள் பிரேக்கை அழுத்தி மிதித்தபடி உட்கார்ந்திருந்தார். ஹேண்ட்பிரேக் பிடிமானம் விட்டிருந்தது. மெக்கானிக் மரகதவல்லி வண்டிக்கடியில் படுத்து நட்டைக் கால் சுற்று முறுக்குவாள், வெளியே வந்து லீவரை இழுத்துப் பார்ப்பாள், திருப்தி இல்லாமல் மறுபடி உள்ளே போவாள். எட்டாவது தடவை லீவர் கல்லு மாதிரி நின்றது. சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்திருந்த கற்களைக் காலால் தள்ளிவிட்டாள். அவர் மனைவி நீட்டிய டீயை வாங்கிக்கொண்டு வண்டியின் பின்னால் போய், பம்பரில் முதுகைச் சாய்த்து, பள்ளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

“இப்போ காலை எடுங்கண்ணே.”

“நீ முதல்ல அங்கேருந்து எந்திரிம்மா.”

“நீங்களும் அக்காவும் இதுக்குள்ளதானே தூங்கப் போறீங்க?”

அவர் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். டம்ளர் பிடித்த அவள் கை மட்டும் தெரிந்தது. அது ஆடவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பாதத்தை மெல்ல மெல்லத் தூக்கினார். வண்டி ஒருமுறை முனகியது. அடுப்புக்கு மேலே தொங்கிய கரண்டிகள் உரசி அடங்கின.

பின்னாலிருந்து குரல் வந்தது.

“அக்கா, சீனி கொஞ்சம் தூக்கல்.”