ஆறங்குல ஆணி

நாலாம் வீட்டிலிருந்து மூன்று தட்டு வந்துவிட்டது.

ஐந்தாம் வீட்டுத் தையல்காரி கத்தரிக்கோலைத் திருப்பிப் பிடித்து, அதன் பிடியால் ஆறாம் வீட்டுச் சுவரில் மூன்று முறை தட்டினாள். காதைச் சுவரோடு ஒட்டிவைத்துக் காத்திருந்தாள்.

பதில் இல்லை.

தோளோடு தோள் ஒட்டிய ஏழு வீடுகள். ஆண்கள் எல்லோரும் போர்முனையில். ஒவ்வொரு முறையும் குண்டு விழுந்து ஓய்ந்ததும் முதல் வீட்டிலிருந்து தட்டு கிளம்பும். சுவர் சுவராக ஏழாம் வீடு வரை போய், அதே வழியில் திரும்பி வரும். வந்துவிட்டால் ஏழு வீட்டிலும் உயிர் இருக்கிறது என்று பொருள். அதற்குப் பிறகுதான் அடுப்பு எரியும்.

இந்த ஏற்பாட்டைச் செய்ததே ஆறாம் வீட்டு டீச்சர்தான்.

அந்த டீச்சருக்கும் தையல்காரிக்கும் நான்கு வருடமாகப் பேச்சு கிடையாது.

எல்லாம் ஓர் ஆணியால் வந்த வினை. துணி மாட்டத் தையல்காரி அடித்த ஆறங்குல ஆணி, ஒற்றைச் செங்கல் சுவரைத் துளைத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டது. அதுவும் அன்றுதான் வெள்ளையடித்த சுவரில்.

"இனி இந்தச் சுவத்துல கை வச்சே, நடக்கிறதே வேற!"

"ஏன், சுவரை உங்க ஒருத்தர் பேருக்கா எழுதி வச்சிருக்கு?"

அவ்வளவுதான். அதற்கப்புறம் இருவருக்கும் இடையே போய் வந்ததெல்லாம் இந்த மூன்று தட்டுதான்.

இன்று அதுவும் வரவில்லை.

தெருவுக்கு ஓடினாள். ஆறாம் வீட்டுக்கும் ஏழாம் வீட்டுக்கும் முகப்பே இல்லை. இரண்டு வாசலையும் இடிபாடு ஆளுயரத்துக்கு மூடியிருந்தது. ஏழாம் வீட்டில் இருப்பவள் பிள்ளை பெற்றுப் பன்னிரண்டே நாள் ஆன பச்சை உடம்புக்காரி.

நாலாம் வீட்டு ரொட்டிக்கடை அக்கா கடப்பாரையோடு வந்து நின்றாள். பின்னாலேயே இரண்டாம், மூன்றாம் வீட்டுக்காரிகளும் வந்தார்கள். "அப்புறமா அழுதுக்கலாம். உன் வீட்டுச் சுவரை உடைடி."

தையல்காரி சுத்தியலை எடுத்தாள். அதே சுத்தியல். ஓங்கிய கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது.

கடவுளே, நான் அவங்ககிட்டப் பேச வேண்டியது பாக்கி இருக்கு.

ஆணி இருந்த இடத்திலேயே அடித்தாள். அங்கேதான் பூச்சு ஏற்கெனவே விட்டிருந்தது. அக்காவின் கடப்பாரையும் சேர்ந்துகொண்டது. ஒரு செங்கல் பெயர்ந்தது. பிறகு மூன்று. பிறகு ஓர் ஆள் நுழையும் அளவு.

உள்ளே தூசி. கவிழ்ந்த நாற்காலி. டீச்சர் இல்லை.

எதிர்ச்சுவரிலும் ஒரு ஓட்டை இருந்தது. அதன் அடியில், சுவரை இடித்தே நசுங்கிப்போன இஸ்திரிப் பெட்டி. ஓட்டையிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றில் செருப்பு. ஒன்றில் இல்லை.

தையல்காரி குனிந்து அந்தச் செருப்பில்லாத காலைத் தொட்டாள்.

"எவ அது, சத்தமே காணோம்?" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அதே வகுப்பறைக் குரல் கேட்டது. "வேடிக்கை பார்க்கவா வந்தே? இடுப்பு மாட்டிக்கிச்சு. காலைப் பிடிச்சு இழு!"

இழுத்தார்கள். செங்கல் தூளோடு டீச்சர் வந்தார். அவர் நெஞ்சோடு குழந்தையும் வந்தது. வந்ததும் ஊரைக் கூட்டி அழுதது. அதைவிட நல்ல சத்தத்தை அந்தத் தெரு அதுவரை கேட்டதில்லை.

ஓட்டையைப் பெரிதாக்கி, பீரோவுக்கு அடியில் கால் சிக்கிக் கிடந்த தாயை நான்கு பெண்கள் சேர்ந்து தூக்கினார்கள். எலும்பு முறிவு இல்லை. வீக்கம்தான்.

"ஒரு தட்டு தட்டியிருக்கக் கூடாதா, டீச்சர்? எனக்கு உயிரே போயிருச்சு." நான்கு வருடத்தில் தையல்காரி அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"இந்த ஏழாம் வீட்டுக்காரிகிட்டருந்து பதில் வரலை. நான் எப்படித் திருப்பித் தட்டுறது? பொய் சொல்லச் சொல்றியா?"

ரொட்டிக்கடை அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

அப்போதுதான் எல்லோருக்கும் முதல் வீட்டு மூட்டுவலிக்காரி நினைவுக்கு வந்தாள். பாவம், எழுந்து வர முடியாதவள். இன்னும் சுவரில் காதை வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

பெண்கள் அவரவர் வீட்டுக்குப் பாய்ந்தார்கள். பச்சை உடம்புக்காரி எட்டி, தன் சுவரில் மிச்சமிருந்த இடத்தில் விரல் முட்டியால் மூன்று தட்டு தட்டினாள். அதை டீச்சர் வாங்கித் தட்டினார். தையல்காரி தட்டினாள். நாலு. மூன்று. இரண்டு.

முதல் வீட்டிலிருந்து சோற்றுத் தட்டைக் கரண்டியால் அடிக்கும் ஓசை தெரு முழுக்கக் கேட்டது. நிற்கவே இல்லை.

ஏழு அடுப்பும் எரிய வேண்டிய அந்த மாலையில் ஐந்தாம் வீட்டு அடுப்பு ஒன்றே ஏழு வீட்டுக்கும் எரிந்தது.

தண்ணீர் கொதிக்கும்வரை தையல்காரி செங்கல் தூளைக் கூட்டினாள். துடைப்பத்தில் ஆணி தட்டுப்பட்டது.

முனை நேராக இல்லை. யாரோ பக்குவமாக மேல்நோக்கி வளைத்துக் கொக்கியாக்கியிருந்தார்கள். அதில் ஒரு நூல் மாட்டியிருந்தது. நூலில் ஜெபமாலை போல வரிசையாக ஆறு துணித் துண்டுகள்.

அவள் கத்தரித்து வெளியே கொட்டிய துண்டுகள்தான். எந்தத் துணி யாருக்குத் தைத்தது என்று அவளுக்கா தெரியாது? ரொட்டிக்கடை அக்காவின் பூப்போட்டது. மூட்டுவலிக்காரியின் சாம்பல் நிறம். பச்சை உடம்புக்காரியின் மஞ்சள். வீட்டுக்கு ஒன்று. டீச்சர் தனக்கென்று ஒன்று வைத்துக்கொள்ளவில்லை.

நீலக் கட்டம் போட்டது மட்டும் விரல் பட்டுப் பட்டு நைந்து, சாயமே போயிருந்தது.

தையல்காரி தன் நீலக் கட்டச் சட்டையின் கையைப் பார்த்தாள். பிறகு சுத்தியலை எடுத்துக்கொண்டு, இரண்டு வீட்டுக்கும் நடுவே உடையாமல் மிஞ்சிய சுவரருகே போனாள்.

"டீச்சர், இங்க ஒரு ஆணி அடிச்சுக்கட்டுமா?"

குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை.

"நல்லா ஆழமா அடி," என்றார். "முனை எங்க வீட்டுப் பக்கம் வரணும்."