விக்கல் பாட்டு

“இவ ஜானுவே இல்ல! வேற எவளோ ஆள் மாறி வந்துகீறா!”

பந்தலின் பின்னாலிருந்து வேலு போட்ட கூச்சலில் ஆர்மோனியம் நின்றது. மேடையில் உட்கார்ந்திருந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மயிலாப்பூர்க் கடற்கரைக் குப்பத்தில் தேசப்பன் மகளுக்கு அன்று கல்யாணம். அந்த வருஷம் தேனாம்பேட்டையிலிருந்து அடையாறு வரைக்கும் எந்தக் கல்யாணமானாலும் ஒரே பாட்டுத்தான். சந்தைக்குப் போகும் புருஷனிடம் வளையல் வாங்கிவரச் சொல்லிக் குழைகிற பாட்டு. நாடகக்காரி ஜானு பாடிய கிராமபோன் பிளேட்டு. கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள்கூட அதைப் போட்டால் எழுந்து ஆடிவிடுவார்கள்.

காரணம், மூன்றாம் அடியில் வரும் விக்கல். ‘வளையல்’ என்றதும் ஜானுவின் குரல் சட்டென்று தொண்டையில் மாட்டி, ஒரு விக்கலாக வெடித்து, மறுபடி பாட்டைப் பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் ஆடுகிறவர்கள் அத்தனை பேரும் நெஞ்சில் ஒரு கையை அறைந்து, தோளைத் தூக்கிப்போட்டு, பின்னால் நிற்பவன்மேல் சாய வேண்டும். சிரிப்பு அள்ளிக்கொண்டு போகும். பாட்டுக்கே விக்கல் பாட்டு என்று பேராகிவிட்டது.

பிளேட்டு எதற்கு, ஆளையே கூட்டிவருகிறேன் என்று தேசப்பன் சம்பந்தியிடம் மார்தட்டியிருந்தார். கூட்டியும் வந்துவிட்டார்.

அவள் பாடினாள். குரல் அதே குரல்தான். ஆனால் மூன்றாம் அடியில் ‘வளையல்’ என்றவள், வாயை மூடிக்கொண்டு பந்தல் வாசலையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு அடுத்த வரிக்குப் போய்விட்டாள். நெஞ்சுக்குக் கையைக் கொண்டுபோனவர்கள் ஏமாந்து நின்றார்கள். மறுபடி பாடச் சொன்னார்கள். மறுபடியும் அப்படியே.

அப்போதுதான் வேலு கத்தினான். அவன் தேசப்பனின் மச்சான். கல்யாணங்களுக்குப் பாட்டுப் பெட்டி கொண்டுபோய் வைப்பவன்.

“போன மாசம் அடையாத்துலயும் ஒருத்தி இப்டித்தான் ஜானுன்னு பேர் சொல்லிக்கினு வந்து மாட்டிக்கினா. நெஜ ஜானுவுக்கு விக்கத் தெரியாதா? பொட்டிய வைக்கிறேன், நீங்களே கேளுங்க!”

சம்பந்தி பஞ்சாட்சரம் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். “இன்னா தேசப்பா, பாட்டுக்காரிதான் போலி. பொண்ணாவது அசலா?”

கூட்டம் கொல்லென்றது. மணையில் இருந்த பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது. தேசப்பன் மேடையருகே போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“தாயி, ஒரே ஒரு தபா விக்கிக் காட்டிடு. எம் மானம் ஒங் கையிலதான் கீது.”

“அது வராதுங்க.”

“பிளேட்டுல வந்துச்சே?”

“அன்னிக்கி வந்துச்சு.”

“அப்ப நீ எறங்கிடு.” தேசப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “கல்யாண வூடாப் பூட்டுது. இல்லாங்காட்டி நடக்கறதே வேற.”

அவள் இறங்கினாள். யாரோ முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். யாரோ ‘போலி, போலி’ என்று தாளம் போட்டார்கள். தேசப்பனின் மனைவி கெங்கம்மாதான் கூட்டத்தை விலக்கி, அவளைச் சமையல் கொட்டகைப் பக்கம் கூட்டிப்போனாள். ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள்.

“குடி. வயித்துப் பொழப்புக்கு இன்னொருத்தி பேரச் சொல்லிக்கினு வரலாமா?”

“நாந்தாங்கக்கா ஜானு.”

“அப்பறம் இன்னா? அந்த விக்கலப் போட்டுட்டுப் போவறதுக்கு இன்னா கேடு ஒனக்கு? எம் பொண்ணு அங்க அழுதுக்கினு கீறா.”

“விக்கல் பாட்டுல இல்லீங்கக்கா. யாரும் சொல்லிக் குடுக்கல.”

ஜானு சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் குடிக்கவில்லை.

“பிளேட்டு எடுக்கறப்போ பாட்டப் பதியற மெழுகுத் தட்டு சுத்திக்கினே இருக்கும். ஒருத்தரும் இரும்பக்கூடாது. நடுவுல நிறுத்தினா அத்தினியும் வீணு. நான் பாடிக்கினு கீறேன், மூணாவது அடி. எந் தம்பி கதவத் தொறந்துக்கினு வாசல்ல வந்து நின்னான்.”

“வந்து?”

“ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினான். நான் மிச்சப் பாட்டையும் பாடி முடிச்சேன். பிளேட்டுக் கம்பெனித் தொரைக்கு விக்கின அந்த எடம் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அப்டியே கெடக்கட்டும்னு சொல்லிட்டாரு.”

பந்தலில் வேலு பெட்டிக்குச் சாவி கொடுத்து பிளேட்டைச் சுழல விட்டிருந்தான். பாட்டு கிளம்பியது. காலடியில் மணல் அதிர ஆட்டம் தொடங்கிவிட்டது. முதல் அடி, இரண்டாம் அடி. ‘வளையல்’ என்றது பெட்டி. விக்கியது.

நூறு கைகள் நெஞ்சில் அறைந்தன. பெண்ணும் அழுகையை மறந்து சிரிப்பது கொட்டகை வரைக்கும் கேட்டது. பழக்க தோஷம், கெங்கம்மாவின் கையும் தானாக நெஞ்சுக்குப் போய், தோள் ஒருமுறை தூக்கிப்போட்டது.

அவள் வெட்கத்தோடு கையை இறக்கினாள். “கைய விரிச்சான்னா? இன்னாத்துக்கு?”

“காய்ச்சலோட வுட்டுட்டு வந்த எம் புள்ள உசுரு பூட்டுதுன்னு.”