டெலிபோனுக்குத் தலையாட்டியவள்

1971ஆம் ஆண்டு, ஆகஸ்டு மாதம் பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை. காலை மணி பத்து ஐம்பது. வானம் மூடிக்கொண்டிருந்ததே தவிர ஒரு தூற்றல்கூட இல்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டை முழுவதும் புழுங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் புழுக்கத்துக்கு வேண்டியதைவிட அதிகமாகவே வியர்த்துக்கொண்டிருந்தாள் வடிவு.

கதவுத் தாழ்ப்பாள் செய்யும் ஒரு சிறிய கம்பெனியின் ஆபீஸில் பெருக்குவதும், பானையில் தண்ணீர் நிரப்புவதும், டீ வாங்கி வருவதும் அவள் வேலை. பத்து நாளைக்கு முன் அங்கே டெலிபோன் வந்தது. அதை எடுக்கும் பொறுப்பும் அவள் தலையில் விழுந்தது.

தானாக விழவில்லை. கிளார்க் தாட்சாயிணிதான் தூக்கி வைத்தாள்.

“சார், போனை வடிவம்மா எடுக்கட்டும். எத்தனை நாளைக்குத்தான் அவங்க பெருக்கிக்கிட்டே இருக்கிறது? முன்னுக்கு வர வேண்டாமா?”

முதலாளி ஜம்புலிங்கத்துக்கு அது நியாயமாகப் பட்டது. சம்மதித்துவிட்டார்.

வடிவு மட்டும் முன்னுக்கு வரவில்லை. மணி அடித்தால் அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவாள். தாட்சாயிணியோ டைப் அடிக்கும் கையை நிறுத்தவே மாட்டாள். டெலிபோன் அடித்து அடித்து ஓயும்.

முந்தின நாள் ஜம்புலிங்கம் வெடித்துவிட்டார்.

“உங்க கம்பெனிக்குப் போன் பண்ணா சுடுகாட்டுக்குப் பண்ண மாதிரி இருக்குன்னு சைதாப்பேட்டைக் கடைக்காரர் சிரிக்கிறார்! நாளைக்குப் பதினொரு மணிக்குப் பண்ணுவார். நான் பூந்தமல்லியில இருப்பேன். இந்தத் தடவையும் எடுக்கலேன்னா, வடிவு, நீ பழையபடி பாலீஷ் ஷெட்டுக்கே போயிடு!”

பாலீஷ் ஷெட் என்ற பேச்சுக்கே வடிவுக்கு இருமல் வந்தது. ஆறு வருஷம் அங்கே தூசியைத் தின்றவள் அவள்.

“யம்மா, இன்னிக்கு ஒரு நாளு நீயே எட்த்துடேன். ஒனக்குப் புண்ணியமாப் போவும்” என்று இப்போது தாட்சாயிணியிடம் கெஞ்சினாள்.

“ஏன், உங்களால முடியாதா?”

“நீ பி.ஏ. படிச்சவ. ஒனக்கு இன்னா? எங்க ஆத்தா மேனாம்பேட்டுல களை புடுங்கினவ. எங்க ஊட்ல எவராவது போனைத் தொட்டுக்கீறாங்களா? ஆளு மூஞ்சியே தெரியாம இன்னான்னு பேசறது?”

“ ‘என்னால முடியாது’ங்கிறது வெறும் நினைப்பு, வடிவம்மா. அந்த நினைப்பை விட்டீங்கன்னா எதுவும் முடியும்” என்றாள் தாட்சாயிணி, டைப்ரைட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

‘சொல்ல வந்துட்டா மகராணி!’ என்று வடிவு மனத்துக்குள் பொருமினாள். கையை நீட்டினால் எட்டுகிற தூரம். பெருக்குகிறவள் எடுக்கும் டெலிபோனைத் தான் எடுத்தால் கௌரவம் குறைந்துவிடுமாக்கும். எல்லாம் படித்த திமிர்.

மணி அடித்தது.

வடிவு செருப்பைக் கழற்றினாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். கற்பூரத் தட்டை ஏந்துவதுபோல் இரண்டு கையாலும் எடுத்துக் காதில் வைத்தாள்.

“ஹலோ, தாழ்ப்பாள் கம்பெனியா?”

வடிவு தலையாட்டினாள்.

“ஹலோ! ஆள் இருக்கீங்களா, இல்லையா?”

இன்னும் பலமாகத் தலையாட்டினாள்.

“வாயைத் திறங்க! நீங்க தலையாட்டினா அவருக்கு எப்படித் தெரியும்?” என்று கிசுகிசுத்தாள் தாட்சாயிணி. அவள் எப்போது எழுந்தாள், எப்போது பீரோவுக்கு அந்தப் பக்கம் போனாள் என்பதை வடிவு கவனிக்கவில்லை.

“கீறேன் அண்ணாத்தே, கீறேன்!” வடிவு போட்ட சத்தத்தில் ஷெட்டில் இருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். “இங்கதான் நின்னுகினு கீறேன்! நீ நல்லாக் கீறியா? நாஷ்டா ஆச்சா?”

மறுபக்கம் சிரிப்புக் கேட்டது.

“ஆச்சும்மா. அறுபது டஜன் தாழ்ப்பாள் வேணும். செவ்வாய்க்கிழமை கிடைக்குமா?”

பாலீஷ் ஷெட்டின் நிலவரம் வடிவுக்குத் தெரியாததா?

“செவ்வாக்கெயம ஆவாது. பாலீஷ் போடற துலுக்கானம் மச்சினிச்சி கண்ணாலத்துக்கு ஆவடி பூட்டான். வியாயக்கெயம வண்டி ஏத்திடுவோம். அதுக்கு முந்தித் தரேன்னு எவனாவது சொன்னா நம்பாதே.”

“உங்க முதலாளியேதான் சொன்னார்!”

“அப்போ அவரையும் நம்பாதே.”

பீரோ ஓரத்தில் தாட்சாயிணி கண்ணை மூடிக்கொண்டாள்.

“சரிம்மா, வியாழக்கிழமையே அனுப்பு. இனிமே நான் உங்கிட்டயே பேசிக்கிறேன்.”

டெலிபோனை வைத்துவிட்டு வடிவு அதற்கு ஒரு கும்பிடு போட்டாள். சிரிப்பு அடங்கவில்லை.

“யம்மா, பேசிட்டேன்!”

“நான்தான் சொன்னேனே, எல்லாம் வெறும் நினைப்புன்னு” என்றபடி தாட்சாயிணி தன் நாற்காலிக்குத் திரும்பினாள்.

மறுநாள் காலையில் ஜம்புலிங்கம், வடிவு கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதற்காக, துலுக்கானத்தைக் கல்யாண வீட்டிலிருந்து இழுத்துவர ஆவடிக்கு ரயில் ஏறினார்.

வடிவு தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு, வழக்கத்தைவிட அரை மணி முன்னதாகவே ஆபீஸுக்கு வந்தாள். கதவு ஏற்கெனவே திறந்திருந்தது.

உள்ளே தாட்சாயிணி, மணி அடிக்காத டெலிபோனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, முகமெல்லாம் வியர்க்க, திக்கித் திக்கி, மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்: “கீறேன் அண்ணாத்தே, கீறேன்… இங்கதான்… நின்னுகினு கீறேன்…”