அவளுக்குப் பதிலாக

"என் சம்சாரத்தை ஒரு தடவைகூடப் பாக்காமலே அவ மனசைத் தேத்திட்டீங்களே மேடம், அது எப்படி?"

கேட்டுக்கொண்டே லிஃப்ட் மெக்கானிக், மருத்துவமனையின் மனநல ஆலோசகர் அறையின் கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டார். நன்றி சொல்ல என்ன கொண்டுவருவது என்று மண்டையைக் குடைந்துகொண்டு, கடைசியில் அவர் கொண்டுவந்தது அந்த எண்ணெய்க் குப்பியைத்தான். மாதக்கணக்கில் அந்தக் கதவின் கிறீச் சத்தம் அவர் காதை உறுத்தியிருந்தது.

"உட்காருங்க சார். வீட்டம்மா எப்படி இருக்காங்க?" என்றார் ஆலோசகர்.

"கடைசி மருந்து ஏறிட்டு இருக்கு. நர்ஸை வம்புக்கு இழுத்துட்டுப் படுத்திருக்கா."

மனைவிக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் உயிர் அவரிடம் இல்லை. ஆள் நிறைந்த லிஃப்ட் பாதியில் நின்றாலும் பதறாத மனுஷன், வீட்டில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவார். அவளுக்குக் கேட்காது என்று நினைப்பு. வெளியே வரும்போது முகம் நிறையச் சிரிப்பு இருக்கும்.

மருந்தோடு மனநல ஆலோசனையும் உண்டு என்று டாக்டர் சொன்னபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்கென்ன பைத்தியமா? நான் போகமாட்டேன். வேணும்னா நீங்க போய்ச் சொல்லுங்க."

எதையும் வெளியே கொட்டாமல் உள்ளுக்குள்ளேயே உடைந்துபோய்விடுவாளோ என்று அவருக்குப் பயம். அதனால் அவளுக்குப் பதிலாக அவர் வந்தார். மருந்து ஏறும் நாளெல்லாம் வந்தார். "போங்க, போய் என்னைப் பத்தி நல்லா வத்தி வைங்க" என்று அவளே விரட்டிவிடுவாள்.

ஆலோசகர் விடாமல் கேட்பார். அவங்க தூங்கினாங்களா? நீங்க தூங்கினீங்களா? அவங்க அழுதாங்களா? நீங்க? மனைவியைப் பற்றிச் சொல்ல வந்தவர் ஒருநாள் மேசையில் தலையைச் சாய்த்துத் தேம்பிவிட்டார். அன்று வீட்டுக்குப் போய் அடித்துப்போட்டதுபோல் தூங்கினார்.

"அவ முன்னாடி சும்மா சிரிக்க வேண்டாம், பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்கன்னீங்க. சொன்னேன். அன்னிலேர்ந்துதான் அவளும் வாயைத் திறந்தா. இப்ப ரெண்டு பேரும் சேர்ந்தே பயப்படறோம், சேர்ந்தே சிரிக்கறோம்." அவர் குப்பியின் மூடியைத் திருகினார். "உங்களுக்கு என்ன செஞ்சாலும் தகும் மேடம். ஒரே ஒரு குறைதான். அந்தப் பிடிவாதக்காரி ஒரு தடவையாவது உங்களை வந்து பாத்திருக்கலாம்."

"ரத்தப் பரிசோதனைக்கு அவங்க தனியாத்தானே வருவாங்க?"

"ஆமா. ஒரு ஊசி குத்திக்க ஊர்வலமான்னு என்னை வேலைக்குத் துரத்திடுவா."

"அந்த நாள்லெல்லாம் இந்த நாற்காலியிலதான் உட்கார்ந்திருப்பாங்க. இன்னிக்கு உங்ககிட்ட சொல்லிடச் சொன்னாங்க."

அவர் குப்பியை மேசைமேல் வைத்தார்.

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே என்கிட்ட வந்துட்டாங்க சார். 'என் பயத்தை நான் வந்து கொட்டிக்கறேன் மேடம். குழாயைத் திறந்துவிட்டு அழறாரே ஒருத்தர், அவரை வாங்கன்னு கூப்பிட்டா வரமாட்டார், எனக்காகன்னா ஓடி வருவார். நான் வரமாட்டேன்னு அடம்பிடிக்கறேன், நீங்க அவரைப் பாத்துக்கங்க'ன்னாங்க."