முடிவைப் படிக்காதவர்

“இந்த மாதிரி ஆளையெல்லாம் நாலு பேர் முன்னாடி நிக்க வச்சுக் கேக்கணும்” என்றார் வங்கி மேனேஜர். கையிலிருந்த நாவலால் மேசையை ஒரு தட்டுத் தட்டினார். வாசகர் வட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

நூலகத்தின் பின்னறையில் அன்று ஆசிரியர்களைப் பற்றிய நாவல்கள்தான் பேச்சு. அந்த வகை நாவல் என்றாலே ஒன்று தெய்வம், இல்லை பிரம்பு, நடுவில் மனுஷரே கிடையாது என்று பல் டாக்டர் ஆரம்பித்து வைத்தார். இந்த மாத நாவல் அப்படியில்லை என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். இதில் வரும் கணக்கு டீச்சர் வகுப்பில் புலி. வீட்டில் புருஷனின் காலடிச் சத்தம் கேட்டாலே நடுங்குகிறவள்.

அந்தப் புருஷனைத்தான் மேனேஜர் கிழி கிழியென்று கிழித்துக்கொண்டிருந்தார். மனுஷன் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். பக்கத்தில் அவர் மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளும் ஒரு பள்ளியில் பூகோளம் நடத்துகிறவள்தான். அவளுடைய செல்போன் அவர் சட்டைப்பையில் இருந்தது.

போன கூட்டத்தில் அவர் ஏதோ ஒரு கதாபாத்திரத்தின் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டார். இவள் வாய் சும்மா இருக்காமல் திருத்திவிட்டாள். மறுநாள் வீங்கிய கன்னத்தோடு பள்ளிக்கு வந்து, குளியலறையில் வழுக்கிவிட்டது என்றாள். கேட்டவர்களும் நம்பினார்கள், அல்லது நம்பியதாகக் காட்டிக்கொண்டார்கள்.

அதனால் இன்றைக்குக் காரிலேயே பாடம் நடந்துவிட்டது. புத்தகத்தை ஒழுங்காக முடித்திருக்க வேண்டும், சபையில் வாயைத் திறக்கக் கூடாது, அவர் மானத்தை வாங்கக் கூடாது. வாங்கினால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை.

அடிக்குறிப்பைக்கூட விடாமல் படிப்பதால் ‘அடிக்குறிப்பு’ என்றே பெயர் வாங்கிவிட்ட தையல்காரர் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். இவ்வளவு அடி வாங்குகிறவள், கூட வேலை பார்க்கிற டீச்சரிடமாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

“கடைசி வரைக்கும் சொல்லமாட்டா” என்றாள் மேனேஜரின் மனைவி.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மேனேஜர் சிரித்துக்கொண்டே அவள் முழங்கையைப் பிடித்தார். அந்தப் பிடி எப்படி இறுகியது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

நூலகர் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். அந்த வட்டத்தில் ஒரு விதி உண்டு, அதில் அவர் ரொம்பக் கறார். புத்தகத்தை முடிக்காதவர்கள் எழுந்து வெளியே போய்விட வேண்டும், கதவைச் சாத்திவிட்டுத்தான் முடிவைப் பற்றிப் பேச்சு.

“முடிக்காதவங்க யாராச்சும் இருக்கீங்களா?”

ஒருவரும் அசையவில்லை. அப்படி எழுந்து போவது அங்கே பெரிய தலைகுனிவு. பாதி படித்தவர்கள்கூட முழுசாகப் படித்ததாகச் சாதித்து உட்கார்ந்திருப்பார்கள்.

மேனேஜரின் மனைவி எழுந்தாள். “நான் முடிக்கலைங்க.”

மேனேஜரின் முகம் சிவந்துபோயிற்று. முடித்துவிட்டேன் என்றுதானே சொன்னாய் என்று பல்லைக் கடித்தார். உடனே சபையை நினைத்துக்கொண்டு, பள்ளி வேலை, வீட்டு வேலை, பாவம், எங்கே நேரம் என்று எல்லோருக்கும் சிரித்த முகமாகச் சமாதானம் சொன்னார். அவளிடம் மட்டும் குரலைத் தாழ்த்தினார்.

“வெளிய உக்காந்து மிச்சத்தைப் படி. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்.”

அந்தப் பேச்சு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கைப்பையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். அட அசடே, இன்னும் கொஞ்ச நேரம் ஒரு பொய்யோடு உட்கார்ந்திருந்தால் என்ன குறைந்தா போயிருக்கும்? நூலகர் அம்மா கதவைச் சாத்தினார்.

பேச்சு சூடு பிடித்தது. நாவலின் முடிவில் பள்ளி ஆண்டு விழா நடக்கிறது. புருஷன் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்க, சத்தம் போடும் பிள்ளைகளை அதட்டிவிட்டு வருகிறேன் என்று கணக்கு டீச்சர் எழுந்து போகிறாள். அப்புறம் திரும்பி வருவதே இல்லை. பல் டாக்டர் அந்த இடத்தில் அழுதுவிட்டதாக ஒப்புக்கொண்டார். எங்கே போனாள் என்று எழுத்தாளர் சொல்லாமல் விட்டது அநியாயம் என்று அடிக்குறிப்பு குறைப்பட்டார்.

மேனேஜர் மட்டும் ஏற்கவில்லை. முழு நாவலும் அருமை, முடிவு சொதப்பல் என்றார்.

“அத்தனை பேர் நடுவுல பொண்டாட்டி எழுந்து போறா. புருஷன்காரன் பாத்துட்டுப் பேசாம உக்காந்திருப்பானா? நம்புற மாதிரியா இருக்கு?”

நூலகர் அம்மா அதை இன்னும் விளக்கிச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். மற்ற நாட்களில் ஆளுக்குக் கொஞ்ச நேரம்தான் என்று மணியடிக்கிறவர், இன்று மேனேஜரைத் தடுக்கவே இல்லை. அவரும் பக்கத்து நாற்காலியிலிருந்த கைப்பையின்மேல் கையை ஊன்றிக்கொண்டு வெளுத்து வாங்கினார்.

கூட்டம் கலைந்ததும் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வராந்தா பெஞ்ச் காலியாக இருந்தது. கழிப்பறைப் பக்கம் நின்று கூப்பிட்டுப் பார்த்தார், கார் நிறுத்திய இடம்வரை போய்ப் பார்த்தார். மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது நூலகர் அம்மா ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார்.

“படிச்சு முடின்னு சொல்லித்தானே அனுப்பினேன். பாதிக் கதையில விட்டுட்டு எங்க போய்த் தொலைஞ்சா?”

நூலகர் அம்மா கடைசி ஜன்னலின் கொக்கியை நிதானமாக மாட்டிவிட்டுத் திரும்பினார்.

“அந்தக் கதையை எனக்குப் படிக்கக் குடுத்ததே அவங்கதான், சார்.”